ஷேடோஸ் ஓவர் கேமலாட் ஆட்டத்தில் துரோகி யார் என்று ஊகிப்பது எப்படி?

முகத்தைப் பார்த்துப் பிடித்துவிடலாம் என்ற நினைப்பை முதலில் விடுங்கள். எங்கள் செட்டில் ஒருவன் இருக்கிறான். நல்லவன் கார்டு வந்தாலும் திருட்டு முழிதான் முழிப்பான். 'எங்கப்பன் குதிருக்குள் இல்லை' என்று முந்திக்கொண்டு சொல்பவனைப் பிடிக்கும் வித்தையும் இங்கே எடுபடாது. அப்பாவிகளும் அதையேதான் சொல்வார்கள்.

ஆடாதவர்களுக்காக: 2005-இல் டேஸ் ஆஃப் வொண்டர் வெளியிட்ட போர்டு கேம் இது. வடிவமைத்தவர்கள் செர்ஜ் லாஜே, புரூனோ கத்தாலா. ஆர்தர் மன்னரும் வட்டமேசை வீரர்களும் ஒரே அணியாக நின்று கேமலாட் கோட்டையைக் காக்க வேண்டும். ஜெயித்த சவாலுக்கு வெள்ளை வாள், தோற்றதற்குக் கறுப்பு வாள் மேசையில் விழும். 12 வாள் சேரும்போது வெள்ளை கூடுதலாக இருந்தால் வெற்றி. சமமாக இருந்தாலும் தோல்விதான்.

அணியை உள்ளிருந்தே தோற்கடிக்கப் பார்க்கும் துரோகி ஒருவன் 'இருக்கலாம்', அவ்வளவுதான். யார் எந்தப் பக்கம் என்று சொல்லும் ரகசியக் கார்டு ஆளுக்கு ஒன்று. மொத்தம் 8 கார்டில் ஒன்றுதான் துரோகி. நீங்கள் நல்லவர் என்றால் மிச்சம் 7 கார்டு. எத்தனை பேர் ஆடினாலும் எதிரே இருக்கும் ஒவ்வொருவரும் துரோகியாக இருக்க ஏழில் ஒரு வாய்ப்பு. ஐந்து பேர் ஆட்டத்தில் துரோகியே இல்லாமல் இருக்க ஏழில் மூன்று! ஆட்டம் தொடங்கியதுமே 'எவனோ இருக்கான்டா' என்று கிளம்புகிறவர்கள் இந்தக் கணக்கைப் போடுவதில்லை.

பிறகு எதைப் பார்ப்பது? சொன்னதற்கும் செய்ததற்கும் இடையில் உள்ள இடைவெளியை. கையில் இருக்கும் கார்டை வெளிப்படையாகச் சொல்லக் கூடாது என்பது விதி. ஆனால் என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லலாம், பொய்யும் சொல்லலாம். 'கிரெயில் பக்கம் நான் பார்த்துக்கறேன்' என்று, புனிதக் கிண்ணத்தைத் தேடும் சவாலைப் பற்றி ஒருவர் சொல்கிறார். இரண்டு ரவுண்டு கழித்துப் பார்த்தால் ஆர்தரின் மந்திர வாளான எக்ஸ்காலிபரை மீட்கும் சவாலில் நிற்கிறார். அந்த இடம்தான் துரோகிக்குச் சொர்க்கம். அங்கே கையில் இருக்கும் ஒரு வெள்ளைக் கார்டை, அதாவது வீரர்களுக்கு உதவும் கார்டை, கவிழ்த்துப் போட்டுக் கழித்தால் எக்ஸ்காலிபர் நம் பக்கம் ஒரு படி நகரும். பார்ப்பவருக்கு அது சேவை. உள்ளே போனது உதவாத கார்டா, நமக்கு அவசரமாக வேண்டிய கிரெயில் கார்டா என்பது போட்டவருக்கு மட்டுமே தெரியும். அவரிடம் சண்டை போட வேண்டாம். 'சரி, நீங்க கிரெயிலுக்குத் திரும்பிப் போங்க' என்று சொல்லிப் பாருங்கள். கார்டு இருக்கிறவர் போவார். இல்லாதவரிடம் காரணம் மட்டும் நிறைய இருக்கும்.

கோட்டையைச் சுற்றி நிற்கும் கவண் பொறியோடு மோதுவதும் கவனிக்க வேண்டிய இடம். சண்டைக் கார்டுகளின் கூட்டுத்தொகை எட்டு முகப் பகடையைத் தாண்டினால்தான் பொறி உடையும். இல்லாவிட்டால் ஓர் உயிர் போகும். கை நிறைய கார்டை வைத்துக்கொண்டு ஒரே ஒரு சின்ன கார்டோடு போய்த் தோற்றுவிட்டு, 'ச்சே, பகடை சதி பண்ணிடுச்சு' என்பவரைக் குறித்து வையுங்கள். ஒருமுறை என்றால் விட்டுவிடலாம், பேராசைக்காரர்களும் அப்படித்தான் ஆடுவார்கள்.

மேசையில் 6 வாளோ வெளியே 6 பொறியோ சேர்ந்த பிறகுதான் குற்றம் சாட்ட முடியும். சரியாகச் சொன்னால் ஒரு வெள்ளை வாள் கூடும். தப்பினால் ஒரு வெள்ளை வாள் கறுப்பாகப் புரளும். இந்தக் கதவு திறந்ததுமே பாய்ந்து ஒருவரைக் கைகாட்டுபவர் மேல் எனக்கு எப்போதுமே ஒரு கண் உண்டு. தான் சொல்வது தப்பு என்று நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் துரோகிதானே!

இனி எப்போது சாட்டுவது என்ற கணக்கு. கடைசிவரை பிடிபடாத துரோகி முடிவில் இரண்டு வெள்ளை வாளைக் கறுப்பாக்குவான். ஆட்டம் 9 வெள்ளை, 3 கறுப்பில் முடியும் போலிருந்தால் யாரையும் சாட்டாதீர்கள், துரோகி இருந்தாலும் 7-5 என்று ஜெயிப்பீர்கள். 8-4 என்றால் துணிந்து சாட்டுங்கள். துரோகி இருந்து நீங்கள் சும்மா இருந்தால் 6-6, தோல்வி. துரோகியே இல்லாமல் தவறாகச் சாட்டினாலும் 7-5, வெற்றி. இழக்க எதுவுமே இல்லை. சிக்கல் 7-5-இல்தான். அங்கே தவறான பழி ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தைச் சமனாக்கி நம்மைத் தோற்கடிக்கும். 'இவன்தான்' என்ற சந்தேகம், 'யாருமே இல்லையோ' என்ற சந்தேகத்தைவிடப் பெரிதாக இருந்தால் மட்டும் கையை நீட்டுங்கள்.