நாக்கைக் கடிப்பது கலவையா, ஈரமா?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து வந்த என் சித்தப்பா, வர்ஜீனியா, பெரிக் என்ற இருவகை இலைகள் கலந்த ஃபிளேக் பைப் புகையிலை டின் ஒன்றைத் தந்தார். திறந்ததும் காடி வாடை அடித்தது. புகைத்தால் நாக்கு எரிகிறது. அவர் சொன்ன அத்திப்பழச் சுவையைக் காணோம். டின் கெட்டுவிட்டதா, கலவையே மட்டமா?
(வாசகர் ஒருவர், அம்பாசமுத்திரம்)

பதில்: இரண்டும் இல்லை என்றே நினைக்கிறேன். இலைகளை அடுக்கி, அழுத்திக் கட்டியாக்கி, பின்பு மெல்லிய வில்லைகளாகச் சீவுவதே ஃபிளேக் என்பதால், மூடிய டின்னுக்குள் காடி வாடை தங்குவது இயல்பு; சற்று நேரம் திறந்து வைத்தால் அடங்கிவிடும். பூசண வாடை அடித்தாலோ, பஞ்சு போலப் பூத்திருந்தாலோ மட்டும் தூக்கி எறியுங்கள்.

எரிச்சலுக்கு நான் முதலில் சந்தேகிப்பது ஈரத்தை. முக்கூடலிலோ மேலப்பாளையத்திலோ பீடி சுற்றுகிறவர்களின் சுளகைக் கவனித்திருப்பீர்கள்: வளைந்து கொடுப்பதற்காக இலையை நனைத்து ஈரத்துணியில் பொதிந்து வைப்பார்களே தவிர, தூளை உலர்வாகவே வைத்திருப்பார்கள். ஃபிளேக்கோ பெரும்பாலும் ஈரத்தோடுதான் டின்னில் வருகிறது. அந்த ஈரம் ஆவியாகி நாக்கைச் சுட, அணைந்துவிடுமோ என்று நீங்கள் வேகமாக இழுக்க, சர்க்கரை மிகுந்த வர்ஜீனியா இன்னும் சூடேறுகிறது. ஒரு வில்லையை உதிர்த்துத் தாளில் பரப்பிவிடுங்கள். சித்திரை வெயிலில் அரை மணி போதும். ஐப்பசி அடைமழையில் இரண்டு மணி நேரம்கூட ஆகலாம். கிள்ளிப் பிடித்து விட்டால் உருண்டையாக ஒட்டாமல் மெல்ல விரிய வேண்டும். நொறுங்கினால் அளவுக்கு மீறிக் காய்ந்துவிட்டது.

பெரிக் என்பது அமெரிக்காவின் லூசியானாவில், செயின்ட் ஜேம்ஸ் வட்டாரத்தில், பீப்பாய்களில் அழுத்திப் புளிக்கவைக்கும் இலை. குழம்பில் மிளகு போல அதைக் கொஞ்சமாகத்தான் சேர்ப்பார்கள். அதன் மிளகுக் காரமும் உலர்பழ வாசமும் நாக்கில் தேடினால் அகப்படா. வாயிலுள்ள புகையில் சிறிதளவை மூக்கு வழியே மெல்ல விட்டால்தான் தெரியும். முதல் கால்பங்கில் வைக்கோல் மணமும் இனிப்பும், பாதிக்குமேல் காரமும் எழுந்தால் கலவை நன்றாகவே இருக்கிறது. வெனிலா மணமூட்டிய புகையிலையைப் புகைத்த பைப்பில் இதைச் சோதிக்காதீர்கள். பழைய வாசனை கட்டையில் ஊறிக் கிடக்கும். வெவ்வேறு நாள்களில் மூன்று முறையாவது, உணவுக்குப் பின், பச்சைத் தண்ணீரை மட்டும் அருகில் வைத்துக்கொண்டு பார்த்தபின் தீர்ப்புச் சொல்லுங்கள். வெறும் வயிற்றில் நிகோட்டின் தலைசுற்றலையும் விக்கலையும் தரும். பலர் அந்த வீரியத்தையே சுவை என்று எண்ணிவிடுகிறார்கள். புகையை உள்ளிழுப்பதில்லை என்பதால் வாய்ப்புற்று அபாயம் நீங்கிவிடாது என்பதையும் அறிந்தே இருப்பீர்கள்.

கேள்வி: ஃபிளேக் வில்லையைப் பைப்பில் மடித்து அடைப்பதா, உதிர்த்து அடைப்பதா?
(வாசகர் ஒருவர், தென்காசி)

பதில்: மடித்து அடைத்தால் பற்றவைப்பது சிரமம், பற்றிவிட்டால் நிதானமாக, சூடு குறைவாக எரியும். உதிர்த்தது எளிதில் பற்றும், விரைவில் தீரும். புதிய கலவையை எடைபோடும்போது நான் உதிர்த்தே தொடங்குவேன். தீக்குச்சியோடு மல்லுக்கட்டிக்கொண்டு சுவை பார்க்க முடியாது.