டிஜிட்டல் தராசு நகர்கிறது: புதிது வாங்கலாமா?

தோட்டா நிரப்ப வெடிமருந்து நிறுக்கும் உங்கள் டிஜிட்டல் தராசில் எண் நிலையாக நிற்கவில்லை, புதிது வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இப்போதைக்கு இன்னொரு டிஜிட்டல் வேண்டாம். அந்தக் காசுக்கு ஒரு கோல் தராசும் (கோலின் சமநிலையால் நிறுப்பது) சோதனை எடைக்கற்கள் ஒரு செட்டும் வாங்குங்கள்.

அதே வெடிமருந்தை மூன்று தடவை வைத்தால் 0.3 கிரெயின் (வெடிமருந்தை நிறுக்கும் அலகு) மாறுகிறது என்கிறீர்கள். பெரும்பாலும் காற்றுதான் காரணம்; ஹீட்டர், ஏசி காற்று தட்டில் பட்டாலே எண் ஆடும். குளிர்ந்த கராஜில், தராசை ஆன் செய்தவுடனே எடை போட்டால் இன்னும் மோசம்.

எல்லாவற்றையும் அணைத்து, தராசை அரை மணி நேரம் ஓடவிட்டுப் பூஜ்யமாக்குங்கள். 20 கிரெயின் கல்லைப் பத்து நிமிடம் வையுங்கள். எண் நகர்ந்தாலோ, கல்லை எடுத்ததும் பூஜ்யத்துக்கு வராவிட்டாலோ, கோளாறு லோட்செல்லில் (எடையை உணரும் பாகத்தில்) இருக்கலாம்.

1 கிரெயின் 0.0648 கிராம்தான். கைத்துப்பாக்கித் தோட்டாவுக்குப் பெரும்பாலும் போவதே சில கிரெயின்கள், அதில் 0.3 கூடினால் அழுத்தம் எகிறும். தராசு நிலைக்கும்வரை ஒன்றுகூட நிரப்பாதீர்கள். ஏற்கெனவே நிரப்பியதைச் சுடவும் வேண்டாம், பிரித்துவிடுங்கள்.