சென்னையில் குட்கா தடை 2013 முதல் இருக்கிறதே, பெட்டிக்கடையில் எப்படிக் கிடைக்கிறது? ஒரு நகரத்தில் மெல்லும் புகையிலையை முழுசாகத் தடுக்க முடியுமா?

முதலில் ஒரு திருத்தம். சென்னையிலோ தமிழ்நாட்டின் வேறெந்த ஊரிலோ தடை செய்யப்பட்டிருப்பது புகையிலை அல்ல. புகையிலையோ நிக்கோட்டினோ சேர்ந்த 'உணவுப் பொருள்'தான். தடைக்கு உயிர் கொடுப்பதும் அந்தச் சொல்தான், ஓட்டை போடுவதும் அதேதான். புகையிலை பயிரிடுவது குற்றமில்லை; திண்டுக்கல் மாவட்டம் வேடசந்தூரில் மத்திய அரசின் புகையிலை ஆராய்ச்சி நிலையமே இயங்குகிறது.

மாநகராட்சி நினைத்தால் தடை போட முடியாது. எச்சில் துப்பினால் அபராதம் போடலாம், கடையின் தொழில் உரிமத்தில் கை வைக்கலாம், அவ்வளவுதான். விற்பனைத் தடை மாநில உணவுப் பாதுகாப்பு ஆணையரின் ஆணையாகத்தான் வர வேண்டும். 2001 நவம்பரில் பழைய உணவுக் கலப்படத் தடுப்புச் சட்டத்தை வைத்துத் தமிழக அரசு ஒரு தடை போட்டது. 2004-ல் உச்ச நீதிமன்றம் அந்த வழியை அடைத்துவிட்டது. பிறகு 2011-ல் வந்த உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளில், 'எந்த உணவுப் பொருளிலும் புகையிலையும் நிக்கோட்டினும் சேரக் கூடாது' என்று 2.3.4-ஆம் விதி சொன்னது. அதைப் பிடித்துக்கொண்டு 2012 ஏப்ரலில் மத்தியப் பிரதேசம் முதலில் தடை போட்டது. 2013 மே மாதம் தமிழ்நாடும் போட்டது. உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 30(2)(அ) பிரிவு ஒரு தடவைக்கு ஓராண்டுக்கு மேல் அனுமதிக்காது. அதனால்தான் ஒவ்வொரு மே மாதமும் 'தடை நீட்டிப்பு' என்று செய்தி வருகிறது.

இந்த நீட்டிப்பே வழக்கானது. அவசரத்துக்குக் கொடுத்த அதிகாரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்து நிரந்தரத் தடையாக்க முடியாது என்று 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அறிவிக்கையை ரத்து செய்தது. ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்திவைத்தது. குட்கா தடை நடைமுறையில் இருப்பது அந்த இடைக்கால உத்தரவின் தயவில். ஹான்ஸ் போன்ற வெறும் தூள் புகையிலை 'உணவா' என்ற கேள்வியும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. அந்தப் பாக்கெட்டில் பாக்கும் இல்லை, மசாலாவும் இல்லை. 85 சதவீத எச்சரிக்கைப் படத்தோடு, வரி கட்டி, வெளி மாநிலங்களில் புகையிலைப் பொருளாகவே விற்கிறது.

அடுத்த ஓட்டை இரட்டைப் பொட்டலம். பான் மசாலா தனி, புகையிலைத் தூள் தனி. வாங்குபவர் உள்ளங்கையில் கொட்டிக் கலந்தால் குட்கா. 2016 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் இதைக் கண்டித்துத் தடையை முழுமையாக நடைமுறைப்படுத்தச் சொன்னது. தமிழ்நாட்டு ஆணையில் பான் மசாலாவும் சேர்ந்திருப்பதால் இங்கே இந்தத் தந்திரம் சட்டப்படி செல்லாது. எல்லை தாண்டினால் நிலைமை வேறு. பெங்களூரிலிருந்து ஓசூர் வழியாகக் காய்கறி லாரி, ஆம்னி பஸ் பார்சல் என்று சரக்கு வருகிறது. கடைக்காரர் கடையில் நாலைந்து பொட்டலம் மட்டும் வைப்பார். மீதி பைக் டிக்கியிலோ பக்கத்து வீட்டிலோ இருக்கும். சோதனையில் 'சில பாக்கெட்டுகள் பறிமுதல்' என்று வருவதற்குக் காரணம் இதுதான்.

எனக்கு இவற்றைவிடக் கவலை தருவது மாவா. சீவல் பாக்கு, ஜர்தா என்ற வாசனைப் புகையிலை, சுண்ணாம்பு மூன்றையும் வீட்டு மிக்சியில் அடித்து, பிளாஸ்டிக் தாளில் மடித்து விற்பது. லேபிள் கிடையாது, பேட்ச் எண் கிடையாது, தயாரிப்பாளர் பெயர் கிடையாது. சுண்ணாம்பு சேர்வது ருசிக்கு மட்டுமில்லை. அதன் காரத்தன்மை நிக்கோட்டினை, வாயின் உள்தோல் சட்டென்று உறிஞ்சும் வடிவத்துக்கு மாற்றிவிடுகிறது. பாக்கெட் சரக்குக்குக் கெடுபிடி கூடும்போது பிடிப்பதற்கு இன்னும் கடினமான மாவா அந்த இடத்துக்கு வந்துவிடுகிறது.

பிடித்த பிறகும் வழக்கு நிற்க வேண்டும். உணவுப் பாதுகாப்பு அலுவலர் மாதிரியை நான்கு பங்காக்கி முத்திரையிட வேண்டும். ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு மாவட்ட நியமன அலுவலருக்கு, நான்காவது கடைக்காரர் கேட்டால் அங்கீகாரம் பெற்ற வேறு ஆய்வகத்துக்கு. சிறு பொட்டலங்களில் ஒரு பங்குக்கே பல பொட்டலம் தேவைப்படும். அவை ஒரே பேட்சாக இல்லாவிட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் அங்கேயே பிடிப்பார். பகுப்பாய்வு அறிக்கைக்கு 14 நாள் கெடு. அறிக்கையை எதிர்த்துக் கடைக்காரர் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். குற்றம் நடந்து ஓராண்டுக்குள் வழக்கு தாக்கலாக வேண்டும். ஆணையர் காரணம் எழுதி ஒப்புதல் தந்தால் மூன்றாண்டு வரை போகலாம். போலீஸ் மூட்டையைப் பிடித்து, மாதிரி முறையாக எடுக்காமல் விட்டால் செய்தித்தாளில் படம் வரும், நீதிமன்றத்தில் ஒன்றும் தேறாது. அதனால்தான் துறை இப்போது கடையை மூடுவதில் கவனம் வைக்கிறது: முதல் முறை 25,000 ரூபாயும் 15 நாள் மூடலும், இரண்டாம் முறை 50,000 ரூபாயும் 30 நாளும், மூன்றாம் முறை ஒரு லட்சமும் 90 நாளும். பெட்டிக்கடைக்காரரை உண்மையில் உறுத்துவது அந்த 15 நாள்தான்.

புகார் செய்வதென்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் வாட்ஸ்அப் எண் 94440 42322. 'எங்கள் ஏரியாவில் விற்கிறார்கள்' என்று எழுதினால் யாரும் வர மாட்டார்கள். கடையின் இடம், விற்கும் பொருள், எந்த நேரத்தில் எங்கிருந்து எடுத்துக் கொடுக்கிறார்கள் என்று எழுதுங்கள். பள்ளி அருகில் என்றால் அதைத் தவறாமல் சொல்லுங்கள். கல்வி நிலையத்தின் சுற்றுச்சுவரிலிருந்து 100 கஜத்துக்குள், அதாவது ஏறக்குறைய 91 மீட்டருக்குள், எந்தப் புகையிலைப் பொருளும் விற்கக் கூடாது என்பது 2003-ஆம் ஆண்டின் புகையிலைச் சட்டம். ஹான்ஸ் உணவா இல்லையா என்ற தகராறுக்கே அங்கே இடமில்லை. 18 வயது ஆகாதவருக்குக் கொடுத்திருந்தால் சிறார் நீதிச் சட்டம் 77-ஆம் பிரிவு. ஏழாண்டு வரை கடுங்காவல், ஒரு லட்சம் வரை அபராதம்.

முழுசாகத் தடுக்க முடியுமா என்றால், வாங்கும் ஆள் குறையாமல் முடியாது. விட நினைப்பவர்களுக்கு 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. மருந்துக் கடையில் 2 மி.கி. நிக்கோட்டின் கம் கிடைக்கும். புகையிலை மென்று பழகியவர்கள் இதையும் விடாமல் மென்று எச்சிலை விழுங்கிவிடுகிறார்கள். விக்கலும் குமட்டலும் வந்து, 'ஒத்துக்கவில்லை' என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். மெதுவாக மென்று, காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்க வேண்டும். காரம் அடங்கியதும் மறுபடி மெல்ல வேண்டும். ஒரு கம் அரை மணி நேரம் வரும். காபி குடித்து 15 நிமிடம் ஆகாமல் போடக் கூடாது.

புகையிலையை விட்டுவிட்டு 'வெறும் பாக்குதானே' என்று பான் மசாலாவுக்கு மாறுவது பெரிய ஏமாற்று. பாக்கே புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு வகைப்படுத்தியிருக்கிறது. வாய் இறுகித் திறக்க முடியாமல் போவதற்கு முக்கியக் காரணமும் பாக்குதான். மூன்று விரல்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி வாய்க்குள் நுழைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றால் உடனே பல் மருத்துவரிடம் காட்டுங்கள்.