பதில்: நைட்டு திடீர்னு மூச்சு முட்டுனா ஆக்சிஜன ஏத்தலாமா?

கடலூர் ஓல்ட் டவுன்ல அப்பாவுக்கு சிஓபிடி (மூச்சுக்குழாய் அடைச்சுக்கற நாள்பட்ட நுரையீரல் வியாதி), நைட்டு 2 மணிக்கு மூச்சு முட்டவும் கான்சென்ட்ரேட்டர (காத்துலேந்து ஆக்சிஜன பிரிச்சு குடுக்கற மிஷின்) நிமிஷத்துக்கு 5 லிட்டருக்கு ஏத்திட்டேன், சரியா தப்பானு கேட்டிருந்தீங்க. நானும் அதையேதான் பண்ணேன் ப்ரோ, முத்தியால்பேட்டைல எங்க அம்மாவுக்கு, விரல்ல மாட்டி ரத்தத்துல ஆக்சிஜன் எத்தன சதவீதம்னு பாக்கற ஆக்சிமீட்டர்ல 98 வந்ததும் ஒரே சந்தோஷம், விடியக்காலைல பாத்தா கேட்டதுக்கு பதில் சொல்லாம சொக்கி சொக்கி விழறாங்க. ஆக்சிஜன் ஓவரானதுல ரத்தத்துல கார்பன் டை ஆக்சைடு சேந்துருச்சுனு அப்புறம்தான் டாக்டர் சொன்னாரு. இந்த வியாதிக்கு பொதுவா ஆக்சிமீட்டர்ல 88லேந்து 92 போதும், அதுக்காக ஆக்சிஜன ஒரேடியா நிறுத்திடவும் கூடாது, அப்பாவுக்கு எவ்ளோ லிட்டர்னு டாக்டர்கிட்ட எழுதி வாங்கி மிஷின் மேலயே ஒட்டிடுங்க. முட்டும்போது படுக்க வைக்காதீங்க, சேர்ல உக்கார வச்சு மடில தலகாணி குடுத்து முன்னாடி சாய சொல்லுங்க, உதட்ட குவிச்சு மெதுவா ஊதட்டும், டாக்டர் எழுதின இன்ஹேலர் பஃப்ப ஸ்பேசர் (இன்ஹேலர்ல மாட்டற குழா) வச்சு குடுங்க. அடங்கல, உதடு நீலமாகுது, திடீர்னு ஒரு பக்கமா நெஞ்சு வலி, பேச்சு கொழறுதுனா யோசிக்காம 108, வந்தவங்ககிட்ட மொதல்ல சிஓபிடினு சொல்லிடுங்க. அப்புறம் ஒரு சின்ன ஆக்சிஜன் சிலிண்டர் வாங்கி வைங்க, 2011ல தானே புயல் அடிச்சப்ப நம்ம பக்கம் எத்தன நாள் கரண்ட் இல்லனு ஞாபகம் இருக்கும்ல, மிஷின் கரண்ட்டுலதான ஓடுது.