தண்ணீர் ரசீதில் கழிவுநீர்க் கட்டணம்: எதற்கு இவ்வளவு?

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் நான்கு பேர் இருக்கிறோம். தண்ணீர் ரசீதில் கழிவுநீர்க் கட்டணம் என்று தனி வரி வருகிறது. அது ஏறிக்கொண்டே போகிறது. சாக்கடைக்குப் போகும் தண்ணீரை யாரும் அளப்பதில்லையே, பிறகு எப்படிக் கணக்கிடுகிறார்கள்? இந்தத் தொகையைக் குறைக்க வழி உண்டா? அடுத்த தெருவில் கழிவுநீர்க் குழாய் வேலை நடக்கிறது. அன்றிலிருந்து குளியலறையில் பசை நாற்றம் வருகிறது. அதற்கும் பதில் சொன்னால் நல்லது.

பதில்: கழிவுநீருக்கென்று மீட்டர் கிடையாது. வீட்டுக்குள் வரும் தண்ணீரை அளக்கும் மீட்டர்தான் இரண்டுக்கும் கணக்கு. வந்த தண்ணீர் எல்லாம் ஏதாவது ஒரு குழாய் வழியாக வெளியே போகும் என்ற அனுமானம். தாழ்வாரத்துத் துளசிக்கு ஊற்றியதும் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

மாதம் 16 கன மீட்டர், அதாவது 16,000 லிட்டர், உங்களைப் போன்ற குடும்பத்துக்கு நியாயமான அளவு. 2025 ஏப்ரல் முதல் கன மீட்டருக்குத் தண்ணீர்க் கட்டணம் 1.43 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), நீர்ப் பாதுகாப்பு வரி 0.72, கழிவுநீர்க் கட்டணம் 1.09. மொத்தம் 3.24 வெள்ளி, பொருள் சேவை வரி நீங்கலாக. உங்கள் ரசீதில் இது 22.88, 11.52, 17.44 என்று பிரியும். கூட்டினால் 51.84 வெள்ளி. மாதம் 40 கன மீட்டரைத் தாண்டிய பயன்பாட்டுக்கு விகிதங்கள் இன்னும் அதிகம், பாதுகாப்பு வரியும் தண்ணீர்க் கட்டணத்தில் 50 விழுக்காட்டிலிருந்து 65 ஆகும். நீங்கள் அந்த எல்லைக்குப் பக்கத்தில்கூட இல்லை.

2017 ஜூலைக்கு முன் கணக்கு வேறு மாதிரி இருந்தது. ஒரு கழிப்பறைத் தொட்டிக்கு மாதம் சுமார் 2.80 வெள்ளி, அதோடு கன மீட்டருக்கு 28 காசு. இரண்டு கழிப்பறை உள்ள வீடு, அதே 16 கன மீட்டர் என்றால் சுமார் 10 வெள்ளிதான் வந்திருக்கும். தொட்டிக் கணக்கை நீக்கிவிட்டு முழுவதையும் தண்ணீர் அளவோடு கட்டினார்கள். 2018 ஜூலையில் கன மீட்டருக்கு 92 காசு ஆனது, உங்கள் அளவுக்கு 14.72 வெள்ளி. இப்போது 17.44. முன்பு சிக்கனமாக இருந்தாலும் தொட்டிக் காசு குறையாது. இப்போது சேமிக்கும் ஒவ்வொரு கன மீட்டரும் 3.24 வெள்ளியைக் குறைக்கும்.

ஆனால் கழிவுநீரைக் கொண்டுபோகும் செலவு அந்த மாதிரி குறைவதில்லை, விஷயமே அங்கேதான் இருக்கிறது. குழாயில் பாதித் தண்ணீர் ஓடினாலும் முழுத் தண்ணீர் ஓடினாலும் அதைப் புதைத்த செலவும் பராமரிக்கும் செலவும் ஏறக்குறைய ஒன்றுதான். ஊரே சேமித்தால் ஒரு லிட்டரின் விலை ஏற வேண்டியிருக்கும். இதை விளம்பரத் தாள்களில் பார்க்க மாட்டீர்கள்.

செலவு எங்கே போகிறது என்றால், முதலில் சரிவு. கழிவுநீர் தானாக ஓட வேண்டும். 500 மீட்டருக்கு 1 மீட்டர் இறக்கம் வைத்தால்கூட 5 கிலோமீட்டரில் குழாய் 10 மீட்டர் ஆழம் போய்விடும். அங்கே ஒரு இறைப்பு நிலையம் கட்டி, நீரை மேலே தூக்கி, மறுபடி சரிவில் விட வேண்டும். ஒவ்வொரு நிலையத்துக்கும் மின்சாரம், பம்பு, நிலம், ஆள். இதைத் தவிர்க்கத்தான் சிங்கப்பூர் ஆழ்சுரங்கக் கழிவுநீர்க் கட்டமைப்பைத் தோண்டியது. கிராஞ்சியிலிருந்து சாங்கி வரை 48 கிலோமீட்டர் சுரங்கமும் சாங்கி சுத்திகரிப்பு ஆலையும் முதல் கட்டம், செலவு 3.4 பில்லியன் வெள்ளி. இரண்டாம் கட்டத்தில் துவாஸ் ஆலை, 40 கிலோமீட்டர் சுரங்கம், 60 கிலோமீட்டர் இணைப்புக் குழாய்கள், 6.5 பில்லியன் வெள்ளி. சுரங்கம் சில இடங்களில் தரைக்குக் கீழே 55 மீட்டர் வரை இறங்குகிறது. பழைய ஆலைகளும் இறைப்பு நிலையங்களும் ஒவ்வொன்றாக மூடப்பட்டால் அந்த நிலம் வேறு வேலைக்குக் கிடைக்கும். பணம் முன்கூட்டியே போட வேண்டியது, பலன் பல பத்தாண்டுகளில் வருவது.

இரண்டாவது, முதுமை. நாட்டில் 3,500 கிலோமீட்டருக்கு மேல் கழிவுநீர்க் குழாய்கள் இருக்கின்றன. கான்கிரீட் குழாயின் அடியில் படியும் சளிப்படலத்தில் காற்றில்லாமல் வாழும் பாக்டீரியா, கழிவிலுள்ள சல்பேட்டைச் சல்ஃபைடாக்கும். அழுகிய முட்டை நாற்றம் அதுதான். அந்த வாயு மேலே எழுந்து குழாயின் உச்சியிலுள்ள ஈரத்தில் கரையும். அங்கே வேறு பாக்டீரியா அதைக் கந்தக அமிலமாக்கும். அமிலம் சிமெண்டிலுள்ள சுண்ணாம்பைத் தின்னும். அதனால்தான் பழைய கான்கிரீட் குழாய் கீழே நன்றாக இருக்கும்போதே மேலே மாவாகி உதிர்கிறது. வெப்பமான ஊரில் இது வேகமாக நடக்கும். புதிய சுரங்கத்தின் உள்ளே பாலிஎத்திலீன் உறை பதித்திருப்பது இதற்காகத்தான். சுட்ட களிமண் குழாய்க்கு அமிலம் பிரச்சினை இல்லை. அதன் மூட்டுகளில் வேர் நுழையும், நிலத்தடி நீர் கசியும்.

உங்கள் பக்கத்துத் தெருவில் நடப்பது பெரும்பாலும் உறை போடும் வேலை. சாலையைத் தோண்டாமல், பிசினில் ஊறிய துணிக் குழலை ஒரு மேன்ஹோல் வழியாக உள்ளே விட்டு, அழுத்தத்தில் விரித்து, வெந்நீரால் அல்லது புறஊதா விளக்கால் இறுக வைப்பார்கள். பழைய குழாய்க்குள் புதிய குழாய். பிறகு சிறு வெட்டுக் கருவியை உள்ளே அனுப்பி, வீட்டு இணைப்பு வரும் இடங்களில் துளை போடுவார்கள். அந்தத் துளை திறக்கும் வரை உங்கள் கட்டடத்தின் கழிவு போக வழியில்லை. எனவே அறிவிப்பு ஒட்டியிருந்தால் அந்த நேரத்தில் துணி துவைக்கும் இயந்திரத்தை ஓட்டாதீர்கள். கீழ்த்தளத்தாரின் குளியலறைத் தரை வடிகாலில் (ஃபுளோர் டிராப்) அது பொங்கி வரும்.

பசை நாற்றம் அந்தப் பிசினின் ஸ்டைரீனாக இருக்கலாம். வேலை நடக்கும்போது நாற்றம் குழாயில் எல்லாப் பக்கமும் பரவும். ஃபுளோர் டிராப்பில் தேங்கி நிற்கும் தண்ணீர்தான் அதைத் தடுக்கும் கதவு. அதிகம் பயன்படுத்தாத குளியலறையில் அது ஆவியாகிக் கதவு திறந்துவிடும். ஒவ்வொரு ஃபுளோர் டிராப்பிலும், பயன்படுத்தாத வாஷ்பேசினிலும் அரை வாளி தண்ணீர் ஊற்றுங்கள். ஜன்னலைத் திறந்து வையுங்கள். வேலை முடிந்து ஓரிரு நாளுக்குப் பிறகும் இருந்தால் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் 24 மணி நேர எண்ணைக் கூப்பிடுங்கள்.

யாரைக் கூப்பிடுவது என்பதில் குழப்பம் அதிகம். வீட்டுக்குள்ளே உள்ளது உங்கள் பொறுப்பு. கட்டடத்தின் பொதுக் குழாயும் கீழே உள்ள கழிவுநீர்க் குழிகளும் நகர மன்றத்துடையவை. சாலைக்கு அடியில் உள்ளது பொதுப் பயனீட்டுக் கழகத்துடையது. தரைவீடு என்றால் சாலைக் குழாய்க்கு முன் உள்ள கடைசிக் குழி வரை உரிமையாளர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குறைப்பதற்கு வருவோம். குளிக்கும் நேரத்தைக் குறையுங்கள் என்று எல்லோரும் சொல்வார்கள். அதற்கு முன் கழிப்பறைத் தொட்டியைப் பாருங்கள். இரவு தொட்டியில் கொஞ்சம் உணவுச் சாயம் ஊற்றி, 30 நிமிடம் ஃபிளஷ் செய்யாமல் விடுங்கள். கோப்பைக்குள் நிறம் இறங்கியிருந்தால் அடி வால்வின் ரப்பர் தேய்ந்திருக்கிறது. கண்ணுக்கும் காதுக்கும் தெரியாத கசிவு நிமிடத்துக்கு 200 மில்லிலிட்டர் என்று வையுங்கள்: நாளுக்கு 288 லிட்டர், மாதம் 8.6 கன மீட்டர், கிட்டத்தட்ட 28 வெள்ளி. ரப்பர் சில வெள்ளிதான். ஆனால் தொட்டியின் மாடலைப் பார்த்து வாங்குங்கள், ஏதோ ஒன்றைப் பொருத்தினால் இரண்டு மாதத்தில் மறுபடி கசியும்.

சாயம் இறங்கவில்லை என்றால் மீட்டர். இரவு எல்லாக் குழாயையும் மூடி, எண்ணைப் படம் எடுத்துவிட்டுத் தூங்குங்கள். இடையில் யாரும் தண்ணீர் பயன்படுத்தக் கூடாது. காலையில் எண் நகர்ந்திருந்தால் கசிவு எங்கோ இருக்கிறது.

வீவக வீடுகளுக்கு அரசு தரும் யூ-சேவ் தள்ளுபடி ஜனவரி, ஏப்ரல், ஜூலை, அக்டோபர் மாதங்களில் மொத்தப் பயனீட்டு ரசீதில் கழியும். அந்த மாதங்களில் ரசீது குறைந்து தெரிவதால் கசிவு மறைந்துவிடும். தொகையைப் பார்க்காமல் கன மீட்டரை மட்டும் மாதத்துக்கு மாதம் ஒப்பிடுங்கள்.

இன்னொன்று: கறி தாளித்த எண்ணெயைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். எண்ணெயும் சோப்பும் குழாயில் படியும் சுண்ணாம்பும் சேர்ந்து கட்டியாகும், அதில் வெட் டிஷ்யூ மாட்டினால் அடைப்புதான். அடைப்பு எடுக்க வரும் ஆளின் கூலி, ஒரு வருடக் கழிவுநீர்க் கட்டண உயர்வை விட அதிகமாகவே இருக்கும்.