புருவ நடுவே இரண்டு கோடு – கடிதம்

வணக்கமுங்க.

எனக்கு 48 வயசுங்க. கோபிச்செட்டிபாளையம் பக்கம் தோட்டத்துல இருக்கறோம். தை மாசம் மகளுக்குக் கல்யாணம். புருவத்துக்கு நடுவுல ரெண்டு கோடு ஆழமா விழுந்துருச்சு. சும்மா உக்காந்திருந்தாலும் "ஏனுங்க, கோவமா இருக்கறீங்களா"ன்னு கேக்கறாங்க. நெத்தியிலயும் கோடு, மூக்கோரத்துல இருந்து வாய் வரைக்கும் மடிப்பு. கோயமுத்தூர்ல ஒரு ஸ்கின் கிளினிக்குல ஆடி முடிஞ்சு வரச்சொல்லி இருக்காங்க. போன்ல பேசுன பொண்ணு, "இப்பவே முன்பணம் கட்டுனா பாதி விலை, அன்னைக்கே போட்டுக்கலாம்"ங்குது. போடாக்ஸ்ங்கறதே விஷம்னு நாத்தனார் சொல்றாங்க. முதல் தடவை போறப்ப என்ன எடுத்துட்டுப் போறது, என்ன சொல்றது, என்ன கேக்கறதுன்னு எழுதுனீங்கன்னா உபயோகமா இருக்கும். என்ற பேரு போட வேண்டாமுங்க.

ச., கோபி

அன்புள்ள ச.,

முன்பணம் கட்ட வேண்டாம். முதல் நாள் போவது முகத்தைக் காட்டவும் கேட்கவும் மட்டும்; போடாக்ஸ் ஊசி இன்னொரு நாளைக்கு. பாதி விலை என்றால் எதில் பாதி என்று அந்தப் பெண்ணுக்கே தெரிந்திருக்காது. உங்களுக்கு எத்தனை யூனிட் (இந்த மருந்தை அளக்கும் கணக்கு) வேண்டும் என்பது, புருவத்தைச் சுருக்கச் சொல்லி டாக்டர் பார்த்த பிறகுதான் முடிவாகும்.

அதைவிட, உங்கள் நாள்கணக்கே இடிக்கிறது. போடாக்ஸ் போட்ட இரண்டு மூன்று நாளில் பிடிக்க ஆரம்பிக்கும், இரண்டு வாரத்தில் முழு பலன் தெரியும், மூன்று நான்கு மாதத்தில் விட்டுப்போகும். ஆவணி முதல் வாரம் போட்டுக்கொண்டால் மார்கழியில் பழைய கோடு திரும்பியிருக்கும். கல்யாணத்துக்கு ஐந்தாறு வாரம் முன்னால், கார்த்திகைக் கடைசியிலோ மார்கழி தொடக்கத்திலோ போடுவதுதான் சரி. இரண்டு வாரம் கழித்துப் பார்க்கும்போது ஒரு புருவம் மட்டும் மேலே ஏறி நின்றால் சரிசெய்ய அவகாசம் வேண்டும். ஊசி பட்ட இடத்தில் ரத்தம் கட்டினால் மறைய ஒரு வாரம் பத்து நாள் ஆகும். சீர் நடக்கும் ராத்திரி முழுக்க கேமரா உங்கள் முகத்தின் மேல்தான் இருக்கும், நினைவிருக்கட்டும். மார்கழியில் ஆரம்பிக்கலாமா என்று நாத்தனார் கேட்டால், ஊசிக்குப் பஞ்சாங்கம் இல்லை என்று சொல்லிவிடுங்கள். முகம் எப்படி எடுத்துக்கொள்கிறது என்று ஆவணியில் ஒருதடவை பார்த்துவிட்டு, மூன்று மாத இடைவெளி விட்டு மறுபடி போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. செலவு இரண்டு மடங்கு.

நாத்தனார் சொல்வதும் பொய்யில்லை. க்ளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உண்டாக்கும் நஞ்சுதான் அது. ஆனால் மருந்தாக அது முதலில் வந்தது அழகுக்காக அல்ல. மாறுகண்ணுக்கும் இமைத் துடிப்புக்கும் போட அமெரிக்காவில் 1989-ல் அனுமதித்தார்கள். இமைத் துடிப்புக்கு ஊசி போட்டுக்கொண்டவர்களின் புருவக் கோடு மறைவதைக் கனடாவின் வான்கூவரில் ஜீன் கரதர்ஸ் என்ற கண் மருத்துவர் கவனித்தார்; தோல் மருத்துவரான கணவர் அலஸ்டேரோடு சேர்ந்து 1992-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். புருவக் கோட்டுக்கென்று அமெரிக்க அனுமதி வந்தது 2002-ல். நரம்பு தசைக்கு அனுப்பும் சைகையை மருந்து தடுத்துவிடுகிறது. தசை சுருங்காவிட்டால் மேலே தோல் மடியாது. அதற்கு மேல் அதற்கு வேலை கிடையாது. எனவே தசை மடிக்காத கோட்டுக்கு எத்தனை ஊசி போட்டாலும் வீண்.

எந்தக் கோடு எந்த வகை என்று வீட்டிலேயே ஓரளவு பிரித்துப் பார்த்துவிட்டுப் போகலாம். காலையில் ஜன்னலோரம் கண்ணாடியோடு உட்காருங்கள். முகத்தை அப்படியே தளரவிட்டுப் பத்து எண்ணுங்கள். பிறகு புருவத்தைச் சுருக்குங்கள், தூக்குங்கள், கண் இடுங்கச் சிரியுங்கள். அசைக்கும்போது மட்டும் வருகிற கோடு ஊசிக்கு நன்றாகக் கேட்கும். தளரவிட்ட பிறகும் நிற்கிற கோட்டை இரண்டு விரலால் மெல்ல விரித்துப் பாருங்கள். விரித்தால் மறைகிறது என்றால் ஆழமில்லை, ஊசி போட்டால் பெரும்பாலும் மங்கிவிடும். விரித்தும் நகக்கீறல் மாதிரி தெரிகிறது என்றால் தோலே மடிந்து பதிந்துவிட்டது. ஊசி அதைக் குறைக்கும், அழிக்காது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் உங்களுடையது இப்படிப் பதிந்துவிட்ட வகையாகத் தோன்றுகிறது. கன்னத்திலும் கண்ணுக்குக் கீழும் வலை போல நுண்ணிய கோடு இருந்தால் அது தோட்டத்து வெயில் போட்டது, தசை போட்டதல்ல. மூக்கோரத்து மடிப்பும் போடாக்ஸ் வேலையில்லை. கன்னச் சதை வற்றிக் கீழே இறங்குவதால் வருவது அது; அங்கே ஃபில்லரை, அதாவது பள்ளத்தை நிரப்ப ஊசியால் ஏற்றும் ஜெல்லைப் பற்றித்தான் பேசுவார்கள்.

நெற்றிக் கோட்டில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நாற்பத்தைந்து தாண்டிய பலருக்கு மேலிமை சற்றுத் தொங்கியிருக்கும். அதைத் தூக்கிப் பிடிக்க நெற்றித் தசை நாள் முழுக்க வேலை செய்கிறது, அதனால்தான் கோடே விழுகிறது. அந்தத் தசையை ஊசி போட்டு அடக்கினால் புருவம் இறங்கி, கண் பாதி மூடினாற்போல ஆகிவிடும். சோதிக்க வழி இருக்கிறது. கண்ணை மூடுங்கள், உள்ளங்கையால் நெற்றியை அழுத்திப் பிடித்துப் புருவம் நகராமல் வைத்துக்கொண்டு கண்ணைத் திறங்கள். இமை கனமாக இருந்தாலோ மேற்பக்கம் பார்வை மறைத்தாலோ, டாக்டரிடம் முதலில் இதைச் சொல்லுங்கள். நெற்றியை விட்டுவிடவோ அளவைக் குறைக்கவோ செய்வார்.

இன்னொன்று, கிளினிக்குக்குப் போகும் முன் கண்ணைச் சோதித்துக்கொள்ளுங்கள். 48 வயதில் வெள்ளெழுத்து இருக்கும். கண்ணாடி போடாமல் செல்போனைப் பார்க்கிறவர்கள் ஒவ்வொரு தடவையும் புருவத்தைச் சுருக்குகிறார்கள். அதைச் சரிசெய்யாவிட்டால் ஊசியின் பலன் தீர்ந்ததும் கோடு மறுபடி ஆழமாகிக்கொண்டே போகும்.

எடுத்துப் போக வேண்டியதில் முதலாவது, இப்போது முகத்தில் போடுகிற எல்லாமும். ட்யூப், டப்பா, பார்லரில் பேரில்லாமல் கொடுத்த வெள்ளைக் கிரீம், அத்தனையும் ஒரு பையில். பேரைச் சொன்னால் போதாதா என்றால், போதாது. மெடிக்கலில் "முகம் வெளுக்க" என்று கொடுக்கிற களிம்பு பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. அந்தக் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாது என்று 2018-லேயே விதி வந்துவிட்டது, ஆனாலும் கிடைக்கிறது. மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்து, சிவந்து, மெல்லிய ரத்தக்குழாய் தெரியும், பூனைமுடி வளரும். திடீரென்று நிறுத்தினால் முகம் எரியும், பருவாகக் கொட்டும். இந்தத் தோலில் பீலிங்கோ (அமிலம் தடவி மேல்தோலை உரிப்பது) லேசரோ செய்தால் கருந்திட்டு விழுந்து மாதக்கணக்கில் போகாது. நம்முடைய மாநிறத் தோல் எந்தப் புண்ணுக்கும் கறுப்பாகவே பதில் சொல்லும். இதை மறைத்துவிட்டு விலை உயர்ந்த மிஷினில் படுப்பதைவிடப் பெரிய தப்பு இந்த விஷயத்தில் இல்லை.

இரண்டாவது, சாப்பிடுகிற மருந்துகள் அட்டையோடு. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை எடுத்தால் நீங்களாக நிறுத்தாதீர்கள். எழுதிக்கொடுத்த டாக்டர் சொன்னால் மட்டும். மூட்டுவலிக்குக் கடையில் வாங்கும் வலி மாத்திரை, வைட்டமின் ஈ, மீன் எண்ணெய் மாத்திரை, பூண்டு மாத்திரை எல்லாம் ரத்தம் கட்டுவதைக் கூட்டும். ஊசிக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் இவற்றை நிறுத்தச் சொல்வார்கள். குழம்பில் போடுகிற பூண்டைத் தள்ள வேண்டியதில்லை. நாட்டு மருந்து, லேகியம் இருந்தால் அதையும் சொல்லுங்கள். சாயங்காலமானால் இமை தொங்குவது, விழுங்கச் சிரமப்படுவது இருந்தால் கட்டாயம் சொல்ல வேண்டும். மயஸ்தீனியா என்ற தசைநோய் உள்ளவர்களுக்கு இந்த ஊசி ஆபத்து. சமீபத்தில் ஜென்டாமைசின், அமிகாசின் மாதிரி ஆன்டிபயாடிக் ஊசி போட்டிருந்தாலும் சொல்லுங்கள், அவை இதன் வேகத்தைக் கூட்டும். காது குத்திய இடத்தில் தழும்பு புடைத்து வளர்ந்திருக்கிறதா, உதட்டில் அடிக்கடி அக்கி கொப்புளிக்குமா, சர்க்கரை எவ்வளவு என்பதும் லேசர், பீலிங் பேச்சு வந்தால் வேண்டியிருக்கும்.

முப்பது முப்பத்தைந்து வயதில் எடுத்த ஒரு போட்டோவும் கொண்டுபோங்கள். ஒரு புருவம் பிறவியிலேயே கொஞ்சம் இறங்கியதா என்பது அதில் தெரிந்துவிடும். இல்லாவிட்டால் ஊசிக்குப் பிறகு அதைக் கண்டுபிடித்து டாக்டரிடம் சண்டைக்குப் போவீர்கள்.

போவதற்கு மூன்று நாள் முன்பிருந்து மஞ்சள் பூச வேண்டாம். அந்தச் சாயல் தோலின் உண்மை நிறத்தை மறைக்கும், கிளினிக்கில் எடுக்கும் போட்டோவிலும் மஞ்சளடிக்கும். ஒரு வாரத்துக்கு ப்ளீச்சும் ஃபேஷியலும் வேண்டாம். கோபியிலிருந்து இரண்டு மணி நேரத்துக்கு மேல் பஸ்ஸில் வந்தால் முகம் வேர்த்துச் சிவந்திருக்கும். அரைமணி முன்னதாகப் போய், வெறும் தண்ணீரில் கழுவி, பவுடர் போடாமல் உட்காருங்கள். அவர்கள் எடுக்கும் போட்டோ சிகிச்சைக் குறிப்புக்கு மட்டும்தானா என்று கேளுங்கள். விளம்பரத்துக்கு என்றால் தனியாகக் கையெழுத்து வாங்க வேண்டும், நீங்கள் மறுக்கலாம்.

உள்ளே போனதும் கேட்க வேண்டியதில் முதல் கேள்வி, ஊசி போடுவது யார். தோல் மருத்துவம் படித்தவர் என்றால் பேருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல்., டி.டி.வி.எல்., டி.என்.பி. (டெர்மட்டாலஜி) என்று ஏதாவது இருக்கும். பிளாஸ்டிக் சர்ஜன் என்றால் எம்.சிஎச். மருத்துவ கவுன்சில் பதிவு எண் சீட்டிலேயே இருக்க வேண்டும். காஸ்மெட்டாலஜி டிப்ளமா மட்டும் தொங்கினால் டீ குடித்துவிட்டுக் கிளம்புங்கள்.

அடுத்தது மருந்து. எந்தக் கம்பெனி, எத்தனை யூனிட், குப்பியை என் முன்னால் உடைப்பீர்களா, எப்போது கரைத்தது. இதில் ஒரு சின்னக் கணக்கு தெரிந்திருந்தால் நல்லது. குப்பியில் மருந்து ஈரமில்லாமல் ஒட்டியிருக்கும், உப்புநீர் விட்டுக் கரைப்பார்கள். 100 யூனிட் போடாக்ஸ் குப்பியில் 2.5 மில்லி விட்டால் 0.1 மில்லியில் 4 யூனிட். புருவ நடுவுக்கு வழக்கமான அளவு ஐந்து இடத்தில் நாலு நாலு யூனிட், மொத்தம் 20. ஊசிக்குழலில் அது அரை மில்லி. அதே குப்பியில் 5 மில்லி விட்டால் அதே அரை மில்லியில் 10 யூனிட்தான் இருக்கும். ஊசிக்குழல் நிறைந்திருக்கிறதே என்று நீங்கள் நினைப்பீர்கள், பலனோ சீக்கிரமே ஓடிவிடும். ஆகவே "ஒரு ஊசி இவ்வளவு" என்ற விலை விலையே அல்ல. யூனிட்டுக்கு எவ்வளவு என்று கேளுங்கள். ஒரு கம்பெனி யூனிட்டை இன்னொன்றோடு ஒப்பிடவும் கூடாது. டிஸ்போர்ட் என்ற வேறு கம்பெனி மருந்தில் இதே இடத்துக்கு 50 யூனிட் போடுவார்கள், அது அதிகமல்ல. ஜிஎஸ்டி சேர்த்தா, இரண்டு வாரம் கழித்து வரும்போது தொட்டுச் சரிசெய்வதற்குத் தனிக் காசா என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் இதற்குத் தராது.

இமை தொங்கினால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். புருவத்துக்குக் கீழே மருந்து பரவி இமையைத் தூக்கும் தசையைத் தொட்டால் அது நடக்கும். அடிக்கடி இல்லை, ஆனால் நடக்கும். சில வாரங்களில் தானாகத் தேறும், அதுவரை சொட்டுமருந்து தருவார்கள். "எங்ககிட்ட அப்படி ஆனதே இல்லீங்க" என்று பதில் வந்தால் அவர் போட்டது குறைவு என்று அர்த்தம். மூக்கோர மடிப்புக்கு ஃபில்லர் என்றால், ஹயலுரோனிடேஸ் கிளினிக்கில் கையிருப்பில் இருக்கிறதா என்ற ஒரே கேள்வி போதும். ஃபில்லர் ரத்தக்குழாயை அடைத்தால் தோல் அழுகும், அபூர்வமாகப் பார்வையே போகும். அடைத்த ஹயலுரோனிக் அமில ஃபில்லரை உடனே கரைக்கிற மருந்துதான் ஹயலுரோனிடேஸ். வாங்கி வரச் சொல்லும் இடத்தில் ஃபில்லர் வேண்டாம்.

வெயில் போட்ட கோடுகளுக்கு ஆவணியிலிருந்து தை வரை கிடைக்கிற ஐந்து மாதம் நல்ல முதல். ட்ரெட்டினாயின் 0.025 சதவீதக் களிம்பு கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். பட்டாணி அளவு, ஒருநாள் விட்டு ஒருநாள் ராத்திரியில். முதல் மூன்று நான்கு வாரம் உரியும், அதைப் பார்த்து நிறுத்திவிடுகிறவர்கள்தான் அதிகம். பலன் தெரிய மூன்று மாதமாவது வேண்டும். பகலில் எஸ்பிஎஃப் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீன், இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும், தோட்டத்தில் இருந்தால் இரண்டு மணிக்கொரு தடவை. கல்யாணத்துக்கு முன் பார்லரில் முகத்துக்கு வாக்ஸ் போடுவதாக இருந்தால் ஒரு வாரம் முன்பே ட்ரெட்டினாயினை நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மெழுகோடு தோலும் வந்துவிடும்.

ஊசி போட்ட அன்று நாலு மணி நேரம் படுக்காமல், தேய்க்காமல், குனிந்து வேலை செய்யாமல் இருங்கள். இறுக்கமான ஹெல்மெட்டும் எண்ணெய்க் குளியலும் மறுநாளைக்கு. ஸ்டிக்கர் பொட்டு வேண்டாம். ஊசி போடுகிற இடமே அதுதான், ஒட்டி அழுத்தி எடுப்பது சரியில்லை. மறுநாள் குங்குமம் மெல்ல வைத்துக்கொள்ளலாம். முதல் நாள் போகும்போதும் ஸ்டிக்கரை எடுத்துவிட்டுப் போங்கள். பசை ஒத்துக்கொள்ளாமல் அந்த இடம் சிலருக்கு அரித்துத் தடித்திருக்கும், சிலருக்கு வட்டமாக வெளுத்திருக்கும். அப்படி இருந்தால் கோட்டுக்கு முன்னால் அதைக் காட்டுங்கள். அதற்கு வைத்தியம் வேறு.