ஆர் மொழியில் ஃபேக்டரை எண்ணாக மாற்றினால் 1, 2, 3 என்று வருவது ஏன்?

ஃபேக்டர் என்பது வகைகளைச் சேமிப்பதற்காக புள்ளியியல் கணக்கீடுகளுக்கான கணினி மொழியான ஆரில் உள்ள தரவு வடிவம். அது ஒவ்வொரு மதிப்பையும் எழுத்தாக ஒரே ஒரு முறை பட்டியலிட்டு, தரவு நிரலில் (அட்டவணையின் நெடுவரிசையில்) அந்தப் பட்டியலின் வரிசை எண்ணை மட்டுமே வைத்துக்கொள்கிறது.

ஒரு நிரலில் 10, 200, 35 ஆகியவற்றோடு 'இல்லை' என்ற ஒரு சொல் கலந்திருந்தாலே போதும், முழு நிரலும் எழுத்தாகப் படிக்கப்படும். அது ஃபேக்டராகும்போது பட்டியல் எழுத்து வரிசையில் அமைவதால், 200 இரண்டாவதாகவும் 35 மூன்றாவதாகவும் நிற்கும். இந்நிலையில் எண்ணாக மாற்றும் 'ஆஸ்.நியூமெரிக்' கட்டளை அழைக்கப்பட்டால் 200-க்கு 2-உம், 35-க்கு 3-உம் கிடைக்கும். எச்சரிக்கை எதுவும் வராது என்பதே இதில் மிகவும் ஆபத்தானது; அந்தத் தவறான எண்களை வைத்தே சராசரியும் கணக்கிடப்பட்டுவிடும்.

கோயில் வாசலில் செருப்பை விட்டால் தரும் டோக்கனில் 3 என்றிருப்பது செருப்பின் அளவைக் குறிப்பதில்லை அல்லவா? வரிசை எண்ணும் அப்படிப்பட்டதே.

ஆகவே முதலில் 'ஆஸ்.கேரக்டர்' மூலம் எழுத்தாக்கி, அதன் பின்னரே எண்ணாக்க வேண்டும். அப்போது 'இல்லை' என்பது விடுபட்ட மதிப்பாக மாறி, எச்சரிக்கையும் தோன்றும். அந்த எச்சரிக்கை நமக்கு உதவியே. நிரலின் உண்மையான வடிவத்தை 'எஸ்டிஆர்' கட்டளை காட்டிவிடும்.

2020-இல் வெளிவந்த ஆர் 4.0.0 பதிப்பு முதல், கோப்பிலிருந்து தரவைப் படிக்கும் 'ரீட்.சிஎஸ்வி' கட்டளை எழுத்து நிரல்களைத் தானாக ஃபேக்டராக்குவதில்லை என்பதால் இச்சிக்கலே ஒழிந்துவிட்டதாகப் பலர் கருதுகின்றனர். ஆனால் நாமே உருவாக்கும் ஃபேக்டர்களிலும், முன்பு சேமித்த தரவுக் கோப்புகளிலும் அது இன்றும் அப்படியே நிகழ்கிறது.